முதல் உறுதிமொழி

நுழையும்முன்

நாட்டின் தலைவர் பதவியேற்கும் விழாவை இன்று நாம் வீட்டில் இருந்தபடியே காண்கிறோம். குதிரைப்படை அணிவகுப்பும் பீரங்கி முழக்கமும் நம் கண்ணையும் காதையும் ஈர்க்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒருவர் எழுந்து நின்று சில வரிகளைச் சொல்கிறார். அதற்கு ஒரு நிமிடத்திற்குமேல் ஆவதில்லை. இந்தியக் குடியரசின் தலைவராக அந்த வரிகளை முதன்முதலில் சொன்னவர் இராஜேந்திர பிரசாத். அவற்றைச் சொன்ன நாளையும், சொன்னதற்காக அவர் பின்னர்ச் சுமந்த பொறுப்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆறு நிமிடங்கள்

1950ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26ஆம் நாள், வியாழக்கிழமை. புதுதில்லியில் அரசு இல்லம் என்று அப்போது வழங்கிய மாளிகையின் தர்பார் மண்டபத்தில் விளக்குகள் ஒளிர்ந்தன. வானளாவிய குவிமாடத்தின் கீழே அமைச்சர்களும் நீதிபதிகளும் அயல்நாட்டுத் தூதர்களும் கூடியிருந்தனர். இந்தோனேசியாவின் தலைவர் சுகர்ணோ சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். அவருடைய நாட்டின் விடுதலையை ஆண்ட நாடு ஏற்றுக்கொண்டு ஒரு திங்கள்கூட முழுமையாகக் கழியவில்லை.

அம்மண்டபம் மக்களாட்சிக்காகக் கட்டப்பட்டதன்று. ஆங்கிலக் கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்த 340 அறைகள் கொண்ட அம்மாளிகை, இந்தியாவை ஆள வந்த வைஸ்ராய்களின் உறைவிடம். தர்பார் மண்டபத்திற்கு அரியணை மண்டபம் என்பதே பழைய பெயர். வைஸ்ராய்க்கும் அவர்தம் துணைவியாருக்கும் அங்கே இரண்டு அரியணைகள் இடப்பட்டிருந்தன. விடுதலைக்குப்பின் இத்தகைய மாளிகையை மருத்துவமனையாக்கிவிடலாம் என்பது காந்தியடிகளின் விருப்பமாக இருந்தது. அது நிறைவேறவில்லை. அவ்விருப்பத்தைச் சொன்னவரும் மறைந்து ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஆகியிருந்தன.

காலை 10 மணி 18 நிமிடம். தலைமை ஆளுநர் இராஜாஜி, இந்தியா இறையாண்மை கொண்ட மக்களாட்சிக் குடியரசாக மலர்ந்துவிட்டது என்னும் அறிவிப்பைப் படித்தார். அந்த அறிவிப்போடு அவர் வகித்த தலைமை ஆளுநர் பதவியும் முடிவுக்கு வந்தது. அப்பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர் அவர். அதை வகித்தவர்களுள் கடைசியானவரும் அவரே. 10 மணி 24 நிமிடத்திற்குத் தலைமை நீதிபதி ஹரிலால் கனியா முன்னிலையில் முதல் குடியரசுத் தலைவர் உறுதிமொழி ஏற்றார்.

இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் இடையே ஆறு நிமிடங்கள் கழிந்தன. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அவை எண்ணிப் பார்க்கத்தக்கவை. பழைய ஆட்சித் தலைமை விலகிவிட்டது. குடியரசு பிறந்துவிட்டது. அதன் தலைவர் இன்னும் பொறுப்பேற்கவில்லை. அந்த இடைவெளியில் நாட்டைத் தாங்கி நின்றது ஒரு நூல், அரசியலமைப்புச் சட்டம். தலைவர் அதன்பின்னரே வந்தார். அந்நூலைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவ்வாறு சொல்ல எழுந்தவருக்கு அப்போது அகவை 65. ஆஸ்துமா என்னும் ஈளை நோய் அவர் உடலை நெடுங்காலமாக வாட்டிக்கொண்டிருந்தது. அடர்ந்த மீசையும் கள்ளமற்ற முகமும் கொண்ட அவரைக் காண்போர் ஒரு சிற்றூர் உழவர் என்றே எண்ணுவர். சிற்றூரிலிருந்து வந்தவர்தாம் அவர்.

ஜீராதேயிலிருந்து கல்கத்தாவுக்கு

பீகார் மாநிலத்தில் அந்நாளைய சாரண் மாவட்டத்தைச் சேர்ந்த ஜீராதேய் என்னும் ஊரில் 1884 திசம்பர் 3 அன்று இராஜேந்திர பிரசாத் பிறந்தார். தந்தை மகாதேவ் சகாய் பாரசீகமும் வடமொழியும் கற்றவர். தாயார் கமலேசுவரி தேவி. தமையனார் மகேந்திர பிரசாத், தம்பியின் கல்விக்கும் வாழ்வுக்கும் தந்தையின் இடத்தில் நின்று துணை செய்தார். தமக்கை பகவதி தேவி இளம் வயதிலேயே கணவரை இழந்து பிறந்தகம் திரும்பினார். அந்தத் தமக்கையின் பெயரை நினைவில் கொள்ளுதல் வேண்டும். பின்னர் வேறொரு சனவரி 26 அன்று அவர் இவ்வரலாற்றில் மீண்டும் வருவார்.

சிறுவர் இராஜேந்திரருக்கு முதல் ஆசிரியர் ஓர் இசுலாமிய மௌல்வி. பாரசீக எழுத்துகளோடு கல்வி தொடங்கியது. அக்கால வழக்கப்படி ஏறத்தாழ 12 வயதில் இராஜவம்சி தேவியுடன் திருமணம் நடந்தது. சாப்ரா மாவட்டப் பள்ளியில் பயின்று, 1902இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் முதலிடம் பெற்றார். வங்கமும் பீகாரும் ஒரிசாவும் அசாமும் அப்பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் அடங்கியிருந்த காலம் அது. கல்வியில் பின்தங்கியதென்று கருதப்பட்ட பீகாரிலிருந்து வந்த மாணவர் முதலிடம் பெற்றது பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. திங்கள்தோறும் 30 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்று பொருளியலில் முதுகலைப் பட்டமும், பின்னர்ச் சட்டத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

இக்காலத்தில் நேர்ந்த ஒரு நிகழ்வு அவருடைய இயல்பை உணர்த்தவல்லது. 1910ஆம் ஆண்டில் கோபால கிருஷ்ண கோகலே, தாம் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேருமாறு அவரை அழைத்தார். நாட்டுப்பணிக்கே வாழ்வை ஒப்படைக்கும் துறவு போன்ற பணி அது. இளைஞரின் உள்ளம் அதை நாடியது. தமையனாரிடம் நேரில் கேட்க நா எழாமல் மடல் எழுதி இசைவு வேண்டினார். குடும்பம் கலங்கியது. தமையனாரின் துயரைக் கண்டதும் தம் விருப்பத்தை அவர் விட்டுக்கொடுத்தார். இதனைக் கோழைத்தனம் என்று சிலர் எண்ணக்கூடும். தம் கருத்தைத் தயங்காமல் எடுத்துரைப்பதும், முடிவு வேறாக அமைந்தால் மனக்கசப்பின்றி அதற்கு அடங்குவதும் அவரிடம் இறுதிவரை இருந்த பண்புகள். இவ்வரலாறு முழுவதும் நாம் காணப்போவதும் இதனையே.

அவுரி வயல்கள்

1916இல் பாட்னாவில் உயர்நீதிமன்றம் தொடங்கியதும் இராஜேந்திர பிரசாத் அங்கே வழக்குரைஞராகப் பெரும்புகழ் பெற்றார். மறு ஆண்டு ஏப்பிரல் திங்களில் இராஜ்குமார் சுக்லா என்னும் உழவர், காந்தியடிகளை அழைத்துக்கொண்டு அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றார். வழக்குரைஞர் வெளியூர் சென்றிருந்தார். எளிய உடையில் வந்திருந்தவரை யாரென்று அறியாத பணியாளர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய வாளியிலிருந்து ஒரு துளி தெறித்தாலும் தீட்டாகிவிடும் என அஞ்சி, தாங்கள் நீர் இறைக்கும் வேளையில் கிணற்றை அணுகவிடவில்லை. வீட்டினுள் இருந்த கழிப்பறையையும் மறுத்தனர். காந்தியடிகள் சினம் கொள்ளாமல் அங்கிருந்து அகன்றார். பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் இந்நிகழ்வை அவர் நகைச்சுவை தோன்றவே குறித்துள்ளார். ஆனால் இந்தியாவின் முதல் குடியரசுத் தலைவராக வரவிருந்தவரின் வீட்டில் சாதி எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை நாம் மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

சம்பாரண் மாவட்ட உழவர்கள் தங்கள் நிலத்தில் இருபதில் மூன்று பங்கில் அவுரியைக் கட்டாயமாகப் பயிரிட வேண்டும் என்பது ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் வகுத்த முறை. தீன்கட்டியா என்பது அதன் பெயர். செயற்கைச் சாயம் சந்தைக்கு வந்து அவுரியின் விலை வீழ்ந்தபோது, இழப்பையும் உழவர்தம் தலையிலேயே ஏற்றினர். இக்கொடுமையை ஆராய வந்த காந்தியடிகளுக்கு மாவட்டத்தை விட்டு வெளியேறுமாறு ஆணை பிறந்தது. அவர் மறுத்தார். தாம் சிறை சென்றால் உடன்வந்த வழக்குரைஞர்கள் என்ன செய்வார்கள் என்று அவர் வினவியபோது, இராஜேந்திர பிரசாத்தும் நண்பர்களும் முதலில் திகைத்தனர். சிறை என்பது அதுவரை அவர்கள் கட்சிக்காரர்கள் செல்லும் இடமாக இருந்தது. பின்னர்த் தமக்குள் கலந்து பேசி, தாங்களும் சிறை புகுவதென முடிவு செய்தனர்.

நாள்தோறும் உழவர்கள் திரளாக வந்தனர். அவர்கள் சொன்னவற்றைக் கேட்டு, குறுக்கு விசாரணை செய்து, ஆயிரக்கணக்கான வாக்குமூலங்களை வழக்குரைஞர்கள் எழுதினர். இன்னொரு மாற்றமும் அங்கே நிகழ்ந்தது. வழக்குரைஞர் ஒவ்வொருவரும் தத்தம் சமையற்காரரையும் பணியாளரையும் உடன் அழைத்து வந்திருந்தனர். அவரவருக்குத் தனித்தனி அடுப்பு. காந்தியடிகள் அவற்றைக் கலைத்து ஒரே சமையற்கூடம் அமைத்தார். அதுவரை பிறர் சாதியார் சமைத்ததை உண்டறியாத இராஜேந்திர பிரசாத் எல்லாரோடும் அமர்ந்து உண்டார். தம் கலங்களைத் தாமே துலக்கக் கற்றார். 1918இல் தீன்கட்டியா முறை சட்டப்படி ஒழிந்தது.

1920இல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, மிகுந்த வருவாய் தந்த வழக்குரைஞர் தொழிலை அவர் துறந்தார். அடுத்து வந்த கால் நூற்றாண்டு போராட்டமும் சிறையுமாகக் கழிந்தது. அதில் ஒரு நிகழ்வை மட்டும் இங்கே குறிப்போம். 1934 சனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் குலைத்தது. கைதியாக, நோயாளியாக இருந்த இராஜேந்திர பிரசாத்தை இரண்டு நாளில் அரசு விடுவித்தது. உடல்நலத்தைக் கருதாது துயர்துடைப்புப் பணியில் இறங்கிய அவருடைய வேண்டுகோளுக்கு 38 இலட்சம் ரூபாய்க்கு மேல் குவிந்தது. வைஸ்ராய் திரட்டிய நிதியைவிட அது மிகுதி. மக்கள் எவரை நம்பினர் என்பதை ஆட்சியாளரும் கண்டுகொண்டனர்.

நூல் உருவான அவை

1946 திசம்பர் 9 அன்று அரசியல் நிர்ணய சபை கூடியது. இரண்டு நாள் கழித்து அதன் நிலையான தலைவராக இராஜேந்திர பிரசாத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்ட வரைவுக் குழுவின் தலைவராக அண்ணல் அம்பேத்கர் ஆற்றிய அரும்பணியை நாம் அறிவோம். அக்குழுவில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர், கோபாலசுவாமி ஐயங்கார், டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஆகியோரும் உழைத்தனர். அவையின் தலைவருக்கு வேறொரு பணி இருந்தது. மொழியிலும் சமயத்திலும் கொள்கையிலும் மாறுபட்டு நின்ற உறுப்பினர்கள் மனம் முறிந்து வெளியேறிவிடாமல் காப்பதே அப்பணி. பேச விரும்பியவர்க்கு அவர் நேரம் தந்தார். விவாதம் சூடேறியபோது பொறுமையாக அமர்ந்திருந்தார். 2 ஆண்டுகள் 11 திங்கள் 18 நாள்கள் கழிந்து, 395 உறுப்புகளும் 8 அட்டவணைகளும் கொண்ட சட்டம் 1949 நவம்பர் 26 அன்று நிறைவேறியது.

அன்றைய நிறைவுரையில் அவர் வெறும் பாராட்டோடு நின்றுவிடவில்லை. தமக்கு இரண்டு மனக்குறைகள் உண்டென்பதை வெளிப்படையாகக் கூறினார். சட்டம் இயற்றும் அவைகளின் உறுப்பினர்க்குக் கல்வித் தகுதி எதுவும் வகுக்கப்படவில்லை என்பது ஒன்று. விடுதலை பெற்ற நாட்டின் முதல் அரசியலமைப்பை இந்திய மொழி ஒன்றில் இயற்ற இயலவில்லை என்பது மற்றொன்று. இரண்டு திங்களில் எந்நூலைக் காப்பதாக அவர் உறுதி கூறவிருந்தாரோ, அந்நூலில் தமக்கு உடன்பாடில்லாத இடங்களை முன்னரே ஊரறியச் சொல்லிவிட்டார்.

முதல் தலைவர் யார் என்னும் வினா எளிதில் விடை காணவில்லை. தலைமை ஆளுநராக இருந்த இராஜாஜியே அப்பதவியில் தொடர வேண்டும் என்று தலைமை அமைச்சர் நேரு விரும்பினார். காங்கிரசு உறுப்பினருள் பெரும்பாலோர் இராஜேந்திர பிரசாத்தை விரும்பினர். முடிவில் பெரும்பான்மையோர் விருப்பமே நிலைத்தது. 1950 சனவரி 24 அன்று ஒரே ஒரு வேட்புமனுவே வந்தது. அதனை முன்மொழிந்தவர் நேரு. வழிமொழிந்தவர் வல்லபாய் படேல். வேறொருவரை விரும்பியவரே முன்மொழிய எழுந்தது அக்கால அரசியலின் நாகரிகம்.

அதே நாளில் உறுப்பினர்கள் அரசியலமைப்பின் படிகளில் கையெழுத்திட்டனர். பிரேம் பிகாரி நாராயண் இரைசாதா அழகுற எழுதிய எழுத்தும், நந்தலால் போசும் சாந்திநிகேதன் ஓவியர்களும் தீட்டிய ஓவியமும் அமைந்த படி அவற்றுள் ஒன்று. கையெழுத்துப் பக்கத்தில் நேருவின் பெயருக்கு மேலே, அச்சிறு இடைவெளியில் ஒடுங்கியதாக அவைத் தலைவரின் கையெழுத்து காணப்படுகிறது.

வியாழக்கிழமைக் காலை

இனி நாம் தர்பார் மண்டபத்திற்குத் திரும்புவோம். நாள் ஏன் சனவரி 26? 1929 திசம்பரில் இலாகூரில் கூடிய காங்கிரசு முழு விடுதலையே குறிக்கோள் எனத் தீர்மானித்து, 1930 சனவரி 26ஐ விடுதலை நாளாகக் கொண்டாடியது. அடுத்த ஆண்டுகளில் அதே நாளில் கொடியேற்றியவர்கள் தடியடிபட்டனர், சிறை சென்றனர். நவம்பரிலேயே நிறைவேறிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வர இரண்டு திங்கள் காத்திருந்தது, அந்த நாளின் நினைவைப் போற்றுவதற்காகவே.

பதவியை விட்டு இறங்குபவரே புதிய குடியரசின் பிறப்பை அறிவித்தார் என்பதை முன்னர்க் கண்டோம். தமக்குக் கிடைத்திருக்கக்கூடிய பதவியில் மற்றொருவர் அமர்வதை இராஜாஜி அருகிருந்து பார்த்தார். அவர் அம்மாளிகைக்கு விட்டுச் சென்ற ஒரு வழக்கமும் உண்டு. வைஸ்ராய்கள் துயின்ற பெரிய அறைகள் தமக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதி, விருந்தினர் பகுதியிலிருந்த சிறிய அறைகளுக்கு அவர் மாறியிருந்தார். உணவுப் பஞ்சம் நிலவிய அந்நாளில் மாளிகை நிலத்தின் ஒரு பகுதியை உழுது கோதுமை விதைக்கவும் செய்தார். இராஜேந்திர பிரசாத்தும் அச்சிறிய அறைகளிலேயே குடியேறினார். அடுத்தடுத்து வந்த தலைவர்களும் அவ்வழியே பின்பற்றினர்.

உறுதிமொழியின் சொற்களை அரசியலமைப்பின் 60ஆம் உறுப்பு வகுத்துள்ளது. தலைவரின் பணியை நேர்மையுடன் ஆற்றுவது, இயன்ற அளவு அரசியலமைப்பையும் சட்டத்தையும் பேணிக் காப்பது, மக்களின் பணிக்கும் நல்வாழ்வுக்கும் தம்மை ஒப்படைப்பது என்பவை அதன் பொருள். அமைச்சர்கள் ஏற்கும் உறுதிமொழிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அரசியலமைப்பிடம் உண்மையான பற்றுக் கொண்டிருப்பதாக அவர்கள் உறுதி கூறுகின்றனர். குடியரசுத் தலைவரோ அதனைக் காப்பதாகவே உறுதி கூறுகிறார்.

அவர் சொல்லி முடித்தார். 31 பீரங்கிகள் முழங்கின. மாளிகையின் உச்சியில் தலைமை ஆளுநரின் கொடி இறங்கிக் குடியரசுத் தலைவரின் கொடி ஏறியது. முதலில் இந்தியிலும் பின்னர் ஆங்கிலத்திலும் அவர் சுருக்கமாக உரையாற்றினார். வறுமையும் பிணியும் அறியாமையும் நீங்க நாட்டு மக்கள் உழைக்க வேண்டும் என்பது உரையின் சாரம். நேருவும் அமைச்சர்களும் புதிய சட்டத்தின்கீழ் மீண்டும் பதவியேற்றனர்.

பிற்பகல் இரண்டரை மணிக்கு ஆறு ஆஸ்திரேலியக் குதிரைகள் பூட்டிய வண்டி மாளிகை வாயிலைக் கடந்தது. வண்டி புதியதன்று, 35 ஆண்டுகளுக்கு முற்பட்டது. இப்போது அதைப் புதுப்பித்து அசோகர் தூணின் சிங்க முத்திரையைப் பொறித்திருந்தனர். மெய்க்காவல் படை சூழ வண்டி சென்ற சாலைகளின் இருமருங்கிலும், மரக்கிளைகளிலும், கூரைகளிலும் மக்கள் நிறைந்திருந்தனர். கைகூப்பியவாறே அவர் அமர்ந்திருந்தார். இர்வின் விளையாட்டரங்கில் 15,000 பேர் காத்திருந்தனர். அங்கே கொடியேற்றினார். முப்படையினரும் காவல் துறையினருமாக 3,000 பேர் அணிவகுத்துச் சென்றனர். சம்பாரணில் உழவரின் வாக்குமூலத்தை எழுதிய கை, படையின் வணக்கத்தை ஏற்று உயர்ந்தது.

உறுதிமொழியின் சுமை

விழா ஒரே நாளில் முடிந்துவிட்டது. அன்று கூறிய சொற்களின் பொருளைக் காணத்தான் ஆண்டுகள் ஆயின.

1951இல் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா நாடாளுமன்றத்தின்முன் இருந்தது. திருமணத்திலும் மணமுறிவிலும் சொத்துரிமையிலும் இந்துப் பெண்களுக்கு உரிமைகளை வழங்க முனைந்த சட்டம் அது. இராஜேந்திர பிரசாத்துக்கு அதில் உடன்பாடில்லை. பொதுத்தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுக்கும் நாடாளுமன்றம் அமையும் முன்னர், மக்களின் வாழ்வில் இத்தகைய பெருமாற்றத்தைச் செய்யலாகாது என்று கருதினார். மசோதா தம்மிடம் வந்தால் தம் சொந்தத் தெளிவின்படியே முடிவு செய்ய விரும்புவதாக நேருவுக்கு எழுதினார். புதிய குடியரசுக்கு அது முதல் சோதனை. தலைவர் தம் மனச்சான்றின்படி நடக்கலாமா? அமைச்சரவையின் அறிவுரைக்கு அடங்க வேண்டுமா?

நேரு சட்ட வல்லுநர் இருவரின் கருத்தைக் கேட்டார். தலைமை வழக்குரைஞர் செதல்வாட் ஒருவர். மற்றவர், அரசியலமைப்பை வரைந்தோருள் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர். தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே நடக்கக் கடமைப்பட்டவர் என்று இருவரும் கூறினர். இராஜேந்திர பிரசாத் தம் எதிர்ப்பை மேலும் வளர்க்கவில்லை. தேர்தலுக்குப்பின் அச்சீர்திருத்தங்கள் தனித்தனிச் சட்டங்களாக நிறைவேறின. 1955இல் இந்துத் திருமணச் சட்டத்திற்கும், 1956இல் வாரிசுரிமைச் சட்டத்திற்கும் அவர் ஒப்புதல் அளித்துக் கையெழுத்திட்டார்.

பெண்களின் உரிமையைப் பொறுத்தவரை காலம் அவர் பக்கம் நிற்கவில்லை. இதைத் தயங்காமல் சொல்லலாம். ஆயினும் தாம் தவறென்று நம்பிய ஒன்றை, நாடாளுமன்றம் சரியென்று முடிவு செய்த காரணத்தால் அவர் ஏற்றார். எதிர்த்து நின்றிருந்தால் புதிய குடியரசின் அடித்தளமே ஆட்டம் கண்டிருக்கும். இளமையில் தமையனாரின் முடிவுக்கு அடங்கியவர், முதுமையில் நூலின் முடிவுக்கு அடங்கினார். அதேவேளை வினாவை அவர் கைவிட்டுவிடவுமில்லை. 1960 நவம்பரில் இந்தியச் சட்ட நிறுவனத்தின் விழாவில், தலைவரின் அதிகாரம் இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்தை ஒத்ததுதானா என அறிஞர்கள் ஆராய வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். தலைவர் அறிவுரைப்படியே நடக்க வேண்டும் என்பது, 1976இல் செய்யப்பட்ட 42ஆம் திருத்தத்தின் வழியாகவே அரசியலமைப்பில் எழுத்து வடிவில் இடம்பெற்றது. அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே அவர் அதனை நடைமுறையாக்கிவிட்டார்.

பத்தாம் ஆண்டு

1960 சனவரி 25 இரவு. மறுநாள் குடியரசின் பத்தாம் ஆண்டு நிறைவு. அவ்விரவில் தமக்கை பகவதி தேவி உயிர் நீத்தார். இளமையிலேயே பிறந்தகம் திரும்பித் தம்பியின் குடும்பத்தோடு ஒன்றாக வாழ்ந்தவர்; அக்கா என்பதைவிடத் தாய் என்றே சொல்லத்தக்கவர்.

காலையில் அணிவகுப்பு நடக்க வேண்டும். படைகள் ஆயத்தமாகிவிட்டன. பல்லாயிரவர் சாலையோரங்களில் விடியுமுன்னரே வந்து அமர்ந்துவிட்டனர். இராஜேந்திர பிரசாத் வழக்கம்போல் உடையணிந்து புறப்பட்டார். அணிவகுப்பு முடியும்வரை வணக்கத்தை ஏற்று நின்றார். மாளிகை திரும்பிய பின்னரே தமக்கையின் இறுதிச் சடங்கிற்குச் சென்றார்.

1952இலும் 1957இலும் நடந்த தேர்தல்களில் மீண்டும் வென்று, 12 ஆண்டுகள் அவர் அப்பதவியில் இருந்தார். 1962 மே 13 அன்று, திருத்தணியில் பிறந்து சென்னையில் கற்ற மெய்யியல் பேராசிரியர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அதே உறுதிமொழியை ஏற்றார். பாரத ரத்னா விருது பெற்ற இராஜேந்திர பிரசாத் பாட்னாவுக்குத் திரும்பினார். அங்கே சதாகத் ஆசிரமம் அவருக்காகக் காத்திருந்தது. ஒத்துழையாமைக் காலத்தில், அரசுக் கல்லூரிகளை விட்டு வெளியேறிய மாணவர்களுக்காக அவரும் நண்பர்களும் பீகார் வித்யாபீடம் நடத்திய இடம் அது. அந்த ஆண்டு செப்டம்பரில் துணைவியார் மறைந்தார். 1963 பிப்பிரவரி 28 அன்று, ஆசிரமத்தின் சிறிய வீட்டில் இராஜேந்திர பிரசாத்தின் மூச்சு அடங்கியது.